ஏஜென்சி ரத்து லெட்டர் வந்துவிட்டதா? டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு ஒரு சட்ட அரிச்சுவடி

கம்பெனியிலிருந்து ஒரு தபால் வருகிறது. ஒரே பக்கம். ‘ஒப்பந்தத்தின் 14-ஆவது ஷரத்துப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்து உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் நியமனத்தை முடித்துக்கொள்கிறோம்.’ குடோனில் 18 லட்ச ரூபாய்க்குச் சரக்கு கிடக்கிறது. கடைகளில் 11 லட்சம் நிற்கிறது. கம்பெனியிடம் டெபாசிட் 5 லட்சம். எட்டு மாதமாகப் பாஸ் ஆகாத கிளெய்ம் (கடைகளுக்குக் கொடுத்த ஸ்கீம் சலுகை, டேமேஜ் சரக்கு போன்றவற்றுக்காகக் கம்பெனி திருப்பித் தர வேண்டிய பணம்) 3 லட்சத்து 40 ஆயிரம். (கணக்கு கற்பனைதான், ஆனால் ஒரு நடுத்தர ஊர் ஏஜென்சியில் பார்க்கக்கூடிய கணக்கு.)

இந்த நிலையில் வக்கீலிடம் போகிறவர் முதலில் கேட்பது ‘ஸ்டே வாங்க முடியுமா?’ என்றுதான். பெரும்பாலும் முடியாது. ஏன் முடியாது என்று புரிந்துவிட்டால், அடுத்த ஒரு மாதத்தில் எதற்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம் என்பது தெளிந்துவிடும்.

நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும் ஒப்பந்தத்தை, ‘தொடர்ந்து நடத்து’ என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்வது அதுதான். இதற்கு எல்லா வக்கீல்களும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு, 1991-இல் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனுக்கும் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸுக்கும் நடந்த வழக்கு. சமையல் எரிவாயு விநியோக உரிமையைக் கம்பெனி ரத்து செய்தது. ரத்து தவறு, உரிமையைத் திருப்பிக் கொடு என்று நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் 30 நாள் நோட்டீஸ் ஷரத்து இருந்ததால், ரத்து தவறாகவே இருந்தாலும், அந்த 30 நாளில் வந்திருக்கக்கூடிய வருமானத்தை மட்டும் நஷ்டஈடாகக் கொடுத்தால் போதும் என்றது.

அதை மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள். மாதம் 40 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறீர்கள், மார்ஜின் 5 சதவீதம் என்றால் மொத்த வரவு 2 லட்சம். 30 நாள் நோட்டீஸ் என்று எழுதிவிட்டு கம்பெனி அன்றைக்கே பில்லிங்கை நிறுத்திவிட்டது என்று வையுங்கள். அந்த மாதம் வண்டி ஓடாததால் டீசல், லோடுமேன் கூலி என்று 40 ஆயிரம் மிச்சம். குடோன் வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தாக வேண்டும். ஆகக் கேட்கக்கூடிய நோட்டீஸ் கால நஷ்டம் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம். ‘இருபது வருஷம் வளர்த்த மார்க்கெட்’ என்பதற்காகத் தனியாக ஒரு தொகை இதில் வராது. கேட்கச் சங்கடம்தான், ஆனால் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

விதிவிலக்கு உண்டு. குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே, குறையைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்த பிறகே நீக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்லி, கம்பெனி அதைத் தாண்டிப் போயிருந்தால் இடைக்காலத் தடைக்கு வாதாட இடம் இருக்கிறது. ஐந்து வருடம் என்று காலம் குறித்து, இடையில் முடிக்கும் ஷரத்தே இல்லை என்றாலும் அப்படித்தான்.

ஆகவே சண்டை பணத்துக்கு. டெபாசிட், கிளெய்ம், திருப்பி அனுப்ப வேண்டிய சரக்கு, நோட்டீஸ் கால வருமானம் ஆகிய நான்கும்தான் வழக்கின் உள்ளடக்கம். இந்த நான்கையும் ரூபாய் கணக்கில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறவருக்கு வக்கீல் ஒரு மணி நேரத்தில் சொல்லக்கூடியதை, எழுதாமல் வருகிறவருக்கு மூன்று சந்திப்பில்கூடச் சொல்ல முடியாது.

நீங்கள் ஏஜெண்டா, வாங்கி விற்கிறவரா?

பேச்சு வழக்கில் எல்லாமே ‘ஏஜென்சி’தான். சட்டத்தில் அப்படி இல்லை. கம்பெனி உங்கள் பெயரில் பில் போட்டு, சரக்கு உங்களுக்குச் சொந்தமாகி, அதை நீங்கள் உங்கள் பில்லில் விற்றால் நீங்கள் சுயேச்சையான வியாபாரி. ஸ்டாக்கிஸ்ட், சூப்பர் ஸ்டாக்கிஸ்ட், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லோரும் பெரும்பாலும் இந்த வகை. சரக்கு கம்பெனியுடையதாகவே இருந்து, கம்பெனி பெயரிலேயே பில் போட்டுக் கமிஷன் வாங்கினால், அதாவது சி அண்ட் எஃப், கன்சைன்மெண்ட் வகையாக இருந்தால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் முகவர் பற்றிய பிரிவுகள் பொருந்தும். விற்காத சரக்கு யார் தலையில் விழும் என்பது இதைப் பொறுத்தது. வாங்கி விற்கிறவர் என்றால், திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய அந்த 18 லட்சம் சரக்கு உங்களுடையது. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். பில்லைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எதைத் தேடுவது

முதல் சிக்கல், கையில் ஒப்பந்தமே இருக்காது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள் நகல் தராத ஏஜென்சிகள் ஏராளம். அப்போது நியமனக் கடிதம், மெயில்கள், பில்லின் பின்பக்க நிபந்தனைகள், வருடக்கணக்கில் நடந்துவந்த வழக்கம் ஆகியவற்றிலிருந்து ஒப்பந்தத்தை நிரூபிக்கலாம். எழுத்து மூலமாக நகல் கேட்டு ஒரு மெயிலும் போட்டுவிடுங்கள். தர மறுத்தார்கள் என்பதும் பிறகு பயன்படும்.

நகல் இருந்தால், நோட்டீஸ் ஷரத்துக்கு அடுத்தபடியாகப் படிக்க வேண்டியது எந்த ஊர் நீதிமன்றம் என்ற வரி. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இதை யாரும் பார்ப்பதில்லை. ஸ்வஸ்திக் கேஸஸ் என்ற நிறுவனம் ஜெய்ப்பூரில் இந்தியன் ஆயிலின் லூப்ரிகண்ட் விற்பனைக்கு கன்சைன்மெண்ட் ஏஜெண்டாக இருந்தது. ஒப்பந்தத்தில் ‘கொல்கத்தா நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்கு உட்பட்டது’ என்று இருந்தது. ‘மட்டும்’ என்ற சொல் இல்லையே, வியாபாரம் நடந்தது ராஜஸ்தானில்தானே என்று வாதாடினார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எண்ணம் தெளிவு, கொல்கத்தாதான் என்றுவிட்டது. திண்டுக்கல்லில் சரக்கு இறக்கியவர் மும்பையில் வழக்கு நடத்த வேண்டி வருவது இப்படித்தான். 6 லட்ச ரூபாய் பாக்கிக்கு மும்பை போய்வரும் செலவைக் கணக்கிட்டால், 4 லட்சத்துக்குப் பேசி முடிப்பது சில நேரம் புத்திசாலித்தனம்.

ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் தீர்க்க வேண்டும் என்ற ஷரத்து இருந்தால் நேரே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுப் பயனில்லை. எதிர்தரப்பு தன் பதிலுரையைத் தாக்கல் செய்யும்போதோ அதற்கு முன்போ இந்த ஷரத்தைக் காட்டினால், 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி வழக்கு நடுவரிடம் போய்விடும். ஆர்பிட்ரேஷன் கோரி எதிர்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு.

இங்கே பழைய ஒப்பந்தங்களில் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அல்லது அவர் நியமிப்பவரே தனி நடுவர்’ என்று எழுதியிருப்பார்கள். வழக்கில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர் தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி நடுவர் பெயரை அனுப்பினால் வாய்மூடி ஆஜராகிவிடாமல் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். உயர் நீதிமன்றம் 11-ஆவது பிரிவில் நடுநிலையான ஒருவரை நியமிக்கும். அதுவரை டெபாசிட்டையோ பேங்க் கியாரண்டியையோ பாதுகாக்க 9-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

கிளெய்ம் பணம் ஏன் கரைகிறது

வாய்ச்சொல்லை நம்பியதால் போகும் பணம்தான் அதிகம். மாதக்கடைசியில் டார்கெட் முடிக்க ஏரியா மேனேஜர் போன் செய்வார்: ‘அண்ணே, இன்னொரு லோடு எடுத்துக்கங்க, ஸ்கீம் கிளெய்ம நான் பாஸ் பண்ணித் தர்றேன்.’ நீங்கள் கடைக்காரருக்கு ஸ்கீமைக் கைக்காசில் கொடுத்துவிடுவீர்கள். ஆறு மாதத்தில் மேனேஜர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுவார், அல்லது வேறு கம்பெனிக்கே போய்விடுவார். புதிதாக வந்தவர் ‘சிஸ்டத்துல அப்ரூவல் இல்லையே’ என்பார்.

இதற்கு மருந்து மிகச் சின்னது. போனை வைத்த அன்றே அவருடைய கம்பெனி மெயிலுக்கு நான்கு வரி: எந்த ஸ்கீம், எந்தப் பொருள், எத்தனை கேஸ், கேஸுக்கு எவ்வளவு, எந்தத் தேதி வரை. ‘தாங்கள் இன்று போனில் கூறியபடி’ என்று தொடங்கினால் போதும். மறுப்பு வராத அந்த மெயில், நேரில் வந்து சொல்லும் சாட்சியைவிடக் கனமானது. டேமேஜ், எக்ஸ்பைரி சரக்கு என்றால் பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்படி போட்டோ, திருப்பி அனுப்பிய லாரி ரசீது, ஈ-வே பில் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனி ஆள் முன்னிலையில் சரக்கை அழித்தால் அவர் கையெழுத்தும் எண்ணிக்கையும் உள்ள தாள் வேண்டும். அழித்த சரக்கின் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்ட வரியை) திருப்பிக் கட்ட வேண்டியிருப்பதால் அந்தத் தொகையையும் கிளெய்மில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

கிரெடிட் நோட்டுக்கு (பழைய பில் தொகையைக் குறைத்துக் கம்பெனி தரும் தாளுக்கு) ஜிஎஸ்டியில் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. ஒரு நிதியாண்டு சப்ளைக்கான கிரெடிட் நோட்டில் கம்பெனி வரியைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அடுத்த நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்குள், எது முந்தியதோ அதற்குள் காட்ட வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் வரி அளவு நஷ்டத்தை யார் ஏற்பது என்று புதுத் தகராறு முளைக்கும். அக்டோபரிலேயே பழைய கிளெய்ம் பட்டியலை அனுப்பி நினைவூட்டுவது இதற்காகத்தான்.

வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம் அவகாசம். ஆனால் ஒவ்வொரு கிளெய்முக்கும் தனித்தனியாக அந்தக் கடிகாரம் ஓடுகிறது. எட்டு வருடக் கிளெய்மை ஒன்றாகக் கூட்டிக் கேட்டால் பழையது உதிர்ந்துவிடும். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் ‘இவ்வளவு பாக்கி’ என்று எதிர்தரப்பு எழுதிக் கையெழுத்திட்டால், காலவரையறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். மார்ச் கடைசியில் கணக்கு பாக்கியை உறுதிசெய்யக் கம்பெனி அனுப்பும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் தாளின் மதிப்பு இதுதான். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. கம்பெனி லெட்ஜரில் உங்கள் கிளெய்ம் ஏறியிருக்காது. அதைப் பார்க்காமல் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டால், கிளெய்மே இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். ‘பாஸ் ஆகாத கிளெய்ம் ரூ. 3,40,000 நீங்கலாக’ என்று கையால் எழுதி, பட்டியலை இணைத்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தரும்போது நீட்டப்படும் ‘நோ டியூ’ (இனி பாக்கி எதுவும் இல்லை) தாளுக்கும் இதே முறைதான்.

வாட்ஸ்அப் செய்தியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் ஹேஷ் மதிப்புடன் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டுடன்) சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மறு பகுதியை நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். எனவே தகராறு தொடங்கியபின் போனை மாற்றாதீர்கள். கம்பெனியின் ஆர்டர் சாப்ட்வேரில் உங்கள் லாகின் ரத்து லெட்டரோடு சேர்ந்தே மூடப்படலாம். லெட்டர் வந்த அன்று இரவே ஸ்டாக், கிளெய்ம், லெட்ஜர் மூன்றையும் டவுன்லோடு செய்துவிடுங்கள்.

வெற்றுச் செக்

ஏஜென்சி எடுக்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட நாலைந்து செக்குகளைப் பாதுகாப்புக்கென்று வாங்கி வைத்துக்கொள்வது ஊர்வழக்கம். அது ‘வெறும் செக்யூரிட்டி’ என்று சொல்லித் தப்பலாம் என்பது பலரின் நம்பிக்கை. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டாலே, கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் எழும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்று பீர் சிங் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தாலும் 138 கேஸ் (செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் போடப்படும் குற்ற வழக்கு) வரும். செய்யக்கூடியது: கொடுக்கும்போதே செக் எண்களைக் குறித்து ‘பாதுகாப்புக்காக’ என்று கவரிங் லெட்டர் வைத்து அத்தாட்சி வாங்குவது, ரத்து லெட்டர் வந்ததும் அதே எண்களைக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேட்பது. செக் கொடுத்த பிறகு பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டியிருந்து, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது என்று 2022-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதனால்தான் லெட்ஜர் முக்கியம்.

நீங்களே கடைக்காரர் செக்கை வைத்திருந்தால் தேதிகள் இரக்கமற்றவை. செக் திரும்பியதாகச் சொல்லும் பேங்க் மெமோ மார்ச் 3-இல் கையில் கிடைத்தது என்றால் 30 நாளுக்குள், ஏப்ரல் 2-க்குள், நோட்டீஸ் போக வேண்டும். அது அவருக்கு ஏப்ரல் 6-இல் கிடைத்தால், கட்ட அவருக்கு 15 நாள், ஏப்ரல் 21 வரை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். மே 21-க்குள் போட்டுவிடுவது பத்திரம். நோட்டீஸில் செக் தொகையைத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். வட்டி, செலவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகக் கேட்டுக் கேஸைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

எந்தக் கதவைத் தட்டுவது

ஆர்பிட்ரேஷன் இல்லை, தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் பொருந்தும். விநியோக ஒப்பந்தத் தகராறு அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. சென்னையில் 1 கோடிக்கு மேல் என்றால் உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவு. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கில் முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும் என்பது பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022-இல் உறுதியானது. எதிர்தரப்பு வராவிட்டால் சமரசம் தொடங்கவில்லை என்ற அறிக்கை கிடைக்கும், அதை வைத்து வழக்குப் போடலாம். சமரசத்தில் கழிந்த நாட்கள் மூன்று வருடக் கணக்கில் சேராது.

இந்த நீதிமன்றத்தில் வாய்தா கலாசாரம் செல்லாது. பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் அதிகபட்சம் 120 நாள். 121-ஆவது நாள் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். ஆவணங்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். பிறகு தேடி எடுத்தேன் என்றால் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தரப்பு கூட்டு வியாபாரமாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: பதிவு செய்யப்படாத பார்ட்னர்ஷிப் நிறுவனம், ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட முடியாது. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு. வழக்குப் போடும் முன் பதிவு செய்துவிட்டால் சரியாகிவிடும். அப்பா காலத்துப் பங்குதாரர் பெயர்களே இன்னும் பதிவேட்டில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சரக்கு வாங்கியவர் பணம் தர 45 நாளுக்கு மேல் தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்க்க வேண்டுமானால் கம்பெனி முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கு 2021 ஜூலையில் உத்யம் பதிவு (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) அனுமதிக்கப்பட்டது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. உத்யம் சான்று கையில் இருக்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டர் இந்த வழியில் போனால் ஏமாற்றம்தான். ஊறுகாயோ மசாலாவோ தயாரித்து ஏஜென்சிகளுக்கு அனுப்பும் சிறு உற்பத்தியாளருக்கு இது நல்ல ஆயுதம்.

1 கோடிக்கு மேல் பாக்கி என்றால் திவால் சட்டத்தின் வழி கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் போகலாம். பாக்கி கேட்கும் உங்கள் நோட்டீஸ் வருவதற்கு முன்பே கணக்கில் தகராறு இருந்தது என்பதற்கு எதிர்தரப்பு ஒரு மெயிலைக் காட்டினாலும் பெரும்பாலும் அங்கே கதவு மூடிவிடும்.

ரத்துக்கு அடுத்த நாள்

குடோனில் உள்ள சரக்கை விற்கலாமா? முறையாகப் பில் போட்டு வாங்கிய அசல் சரக்கை மேலும் விற்பது டிரேட்மார்க் மீறல் ஆகாது, பொருளின் நிலை கெடாமல் இருக்கும்வரை. ‘அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்’ என்ற போர்டையும், பில்லிலும் வண்டியிலும் உள்ள கம்பெனி லோகோவையும் நோட்டீஸ் காலம் முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். எடுத்ததற்குத் தேதியோடு ஒரு போட்டோ.

‘ஒப்பந்தம் முடிந்த இரண்டு வருடத்துக்குப் போட்டிக் கம்பெனிச் சரக்கு எடுக்கக் கூடாது’ என்ற ஷரத்தைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அந்தத் தடை செல்லும். முடிந்தபின் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் அது செல்லாது. புது ஏஜென்சி எடுப்பது வழக்கையும் கெடுக்காது. நஷ்டத்தைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளைப் பயன்படுத்தினீர்களா என்று 73-ஆவது பிரிவு பார்ப்பதால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது உங்களுக்குச் சாதகம். புதுக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எந்த ஊர் நீதிமன்றம் என்று முதலில் பாருங்கள். நகலையும் அன்றே வாங்கிவிடுங்கள்.